பேஸ் கிட்டார், பெடல், ஹோம் ரெக்கார்டிங்: எதுக்கு முதல்ல காசு போடணும்?



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆச்சு. காலேஜ்ல ஆசைப்பட்ட பேஸ் கிட்டாரை ஒரு வழியா வாங்கிட்டீங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் வாசிக்கிறீங்க. அப்புறம் யூடியூப்ல ஒருத்தர் காலடியில் எட்டு பெடல் வெச்சு வாசிக்கிற வீடியோ வருது. "நம்ம சவுண்ட் ஏன் இப்படி இல்ல?"ன்னு தோணுது. அடுத்த நிமிஷம் ஷாப்பிங் ஆப்பில் "நோ காஸ்ட் இஎம்ஐ" பட்டன் கண்ணுல படுது.

இந்த இடத்தில்தான் நிறைய பேருடைய ஒரு மாதச் சம்பளம் காணாமல் போகிறது. பணம் போவது கூடப் பரவாயில்லை. இஎம்ஐ ஓடிக்கிட்டு இருக்கும்போது வேலையில் ஒரு சிக்கல் வந்தால், வீட்டில் முதலில் விற்கப்படும் பொருள் அந்த பேஸாகத்தான் இருக்கும். ஆசையோடு ஆரம்பித்த ஒரு பழக்கம் அத்தோடு நின்றுவிடும்.

பெடல் வாங்காதீங்கன்னு இந்தக் கட்டுரையில் சொல்லப் போறதில்லை. எந்த வரிசையில் வாங்கணும், எவ்வளவு காசு ஒதுக்கணும், எது இல்லாமலே வேலை நடக்கும் என்று மட்டும் பார்ப்போம். ஒரே ஒரு விதியை மனசில் வெச்சுக்கோங்க: சத்தம் போகிற பாதையில்தான் காசும் போகணும்.

## சத்தம் எந்தப் பாதையில் போகுது?

விரல், கம்பி, பிக்கப், கேபிள், ஆடியோ இன்டர்ஃபேஸ், கம்ப்யூட்டர், ஹெட்போன், காது. வீட்டில் ரெக்கார்ட் பண்ணும்போது சத்தம் போகிற வழி இவ்வளவுதான். பெடல் என்பது கேபிளுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் நாமே விருப்பப்பட்டுச் சேர்க்கிற ஒரு நிறுத்தம். அது இல்லாமலும் வண்டி ஓடும். ஆனால் மற்றதில் ஒன்று சரியில்லை என்றாலும் வண்டி நின்றுவிடும்.

முன்னாடி இருக்கிற கட்டத்தில் வந்த கோளாறைப் பின்னாடி இருக்கிற பெடல் சரி பண்ணாது. துருப்பிடித்த கம்பியின் சத்தத்தை 15,000 ரூபாய் கம்ப்ரஸருக்குள் அனுப்பினால், துருப்பிடித்த சத்தமே சீராக வெளியே வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு பழைய உதாரணம் சொல்றேன். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் இருந்த மோடவுன் கம்பெனி 1960-களில் எடுத்த பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். உலகம் முழுக்க பேஸ் கற்றுக்கொள்கிறவர்கள் இன்னைக்கும் அவர் வாசிப்பை நோட் நோட்டாகப் பிரித்துப் படிக்கிறார்கள். அவரிடம் இருந்தது ஒரு ஃபெண்டர் பிரசிஷன் பேஸ், அதில் தடிமனான ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள், வலது கையில் ஒரே ஒரு விரல். ஸ்டுடியோவில் பேஸின் சிக்னல் நேரடியாக மிக்ஸிங் கன்சோலுக்குப் போனது. பெடல் எதுவும் கிடையாது.

இதே முறைக்கு இப்போது டிஐ ரெக்கார்டிங் என்று பெயர். ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினால் உங்கள் வீட்டு மேஜையிலும் அதே வழி கிடைக்கும்.

மறுபக்கமும் இருக்கு. மெட்டாலிகா இசைக்குழுவின் கிளிஃப் பர்ட்டன் 1983-ல் வந்த முதல் ஆல்பத்திலேயே டிஸ்டார்ஷனும் வா பெடலும் போட்டு ஒரு முழு பேஸ் சோலோ வாசித்தார். அந்தப் பெடல்களை எடுத்துவிட்டால் அந்த இசையே இல்லை. ஆக, பெடல் தேவையா இல்லையா என்பதை நீங்கள் வாசிக்கிற பாட்டுதான் சொல்லணும். சேல் பேனர் சொல்லக் கூடாது.

## முதல் கட்டம்: கம்பி, செட்டப், கேபிள்

இங்கே செலவு குறைவு, சத்தத்தில் தெரியும் மாற்றம் அதிகம்.

கம்பி: கடையிலிருந்து வரும் பேஸ்களில் பெரும்பாலும் ரவுண்ட்வவுண்ட் கம்பிதான் இருக்கும். புதுசா இருக்கும்போது பளிச்சுன்னு கேட்கும். சென்னை மாதிரி கடலோர ஊரில் உப்புக் காற்றும் கை வியர்வையும் சேர்ந்து அந்தப் பளிச்சைச் சீக்கிரம் கொன்றுவிடும். வாசித்து முடித்ததும் ஒரு காட்டன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்துவிடுங்கள். இதுக்குச் செலவு பூஜ்யம், கம்பியின் ஆயுள் நன்றாகவே நீளும். ஜேமர்சன் மாதிரி உருண்டையான, மந்தமான சத்தம்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் ஃப்ளாட்வவுண்ட் போடுங்கள். விலை கொஞ்சம் கூட, ஆனால் பழசானாலும் கெட்டுப்போன மாதிரி கேட்காது. அதனால் அடிக்கடி மாற்றத் தேவையில்லை.

செட்டப்: கம்பியின் உயரம், கழுத்தின் வளைவு, இன்டோனேஷன் மூணையும் சரி பண்ணுவதுதான் செட்டப். நல்ல கிட்டார் டெக்னீஷியனிடம் கொடுத்தால் ஒரு நாளில் முடிந்துவிடும். இன்டோனேஷன் சரியில்லாத பேஸில் கீழே வாசிச்சா சுருதி சேரும், மேலே போனா சேராது. உங்க காதில்தான் கோளாறுன்னு நினைச்சு மாசக்கணக்கில் தவிப்பீங்க.

கேபிள்: ரொம்ப விலை கொடுக்க வேண்டியதில்லை. முனை உறுதியா, ஷீல்டிங் ஒழுங்கா இருக்கிற 10 அடி கேபிள் போதும். வீட்டுக்குள் 20 அடி எதுக்கு?

## இரண்டாம் கட்டம்: இன்டர்ஃபேஸும் ஹெட்போனும்

ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது பேஸின் மின் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் எண்களாக மாற்றும் சின்னப் பெட்டி. லேப்டாப்பில் இருக்கிற மைக் ஓட்டையில் நேரா சொருகினால் சத்தம் மெலிந்து, இரைச்சலோடு வரும். பேஸின் பிக்கப்புக்கு எதிரே இருக்கிற உள்ளீட்டின் மின்தடை அதிகமாக இருக்கணும், சுமார் 1 மெகா ஓம். இன்டர்ஃபேஸில் "இன்ஸ்ட்ருமென்ட்" என்று எழுதியிருக்கிற சுவிட்ச் அதுக்குத்தான். அதைப் போட மறந்துவிட்டு "பேஸ் சரியில்ல"ன்னு சொல்றவங்க நிறைய பேர்.

ஒரு ஆள், ஒரு பேஸ் என்றால் ஒரு இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீடும் ஒரு மைக் உள்ளீடும் இருக்கிற அடிப்படை மாடலே போதும். எட்டு உள்ளீடு இருக்கிறது ட்ரம்ஸ் ரெக்கார்ட் பண்றவங்களுக்கு. "பின்னாடி தேவைப்படும்"னு இப்பவே காசு போட வேண்டாம்.

ரெக்கார்ட் பண்ணும்போது மூணு விஷயம் பாருங்க:

1. லெவல்: பலமாகத் தட்டும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். சிவப்பைத் தொட்டால் அந்த உடைசலைப் பிறகு சரி பண்ண முடியாது.
2. தாமதம்: கம்பியைத் தட்டியதும் காதில் கேட்க எடுக்கும் நேரம். 48,000 ஹெர்ட்ஸில் பஃபர் 256 என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு மட்டும் சுமார் 5.3 மில்லி விநாடி. 128 என்று குறைத்தால் அதில் பாதி. ரொம்பக் குறைத்தால் லேப்டாப் திணறி, படபடன்னு சத்தம் வரும். வாசிக்கும்போது குறைவா வையுங்க, மிக்ஸ் பண்ணும்போது கூட்டிக்கோங்க.
3. இரைச்சல்: "ம்ம்ம்"னு ஒரு ஹம் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்க. போய்விட்டால் காரணம் அதுதான். அதே மல்டி பிளக்கில் எல்லாவற்றையும் சொருகிப் பாருங்க. ஹம் போகணும்னு மூணு முள் பிளக்கில் எர்த் முள்ளை மட்டும் எடுத்துடாதீங்க. அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஹெட்போன் ஏன், ஸ்பீக்கர் ஏன் வேண்டாம்? இதில் காசு மிச்சமாகிற ஒரு கணக்கு இருக்கு. பேஸின் ஏ கம்பியைச் சும்மா தட்டினால் 55 ஹெர்ட்ஸ். நம்ம வீட்டு பெட்ரூம் சுவருக்குச் சுவர் 10 அடி என்று வையுங்க. அந்த நீளமுள்ள அறை 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாகவே அதிரும். அதாவது ஏ நோட் வாசிக்கும்போதெல்லாம் அறையும் கூடச் சேர்ந்து பாடும். ஒரு மூலையில் நின்னா பேஸ் வீங்கிக் கேட்கும், நடுவில் உட்கார்ந்தா காணாமப் போகும். எவ்வளவு நல்ல மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கினாலும் அறையைச் சரி பண்ணாமல் இது தீராது. க்ளோஸ்டு பேக் ஹெட்போனில் இந்தப் பிரச்சினையே கிடையாது. ராத்திரி 11 மணிக்குப் பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்டவும் மாட்டார்.

ஒரு எச்சரிக்கை: உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிற ப்ளூடூத் ஹெட்போன் இதுக்கு ஆகாது. அதில் வரும் தாமதம் பெரும்பாலும் 100 மில்லி விநாடியைத் தாண்டும். தாளத்தோடு சேர்ந்து வாசிக்கவே முடியாது. வயர் இருக்கிற ஹெட்போன்தான் வேணும்.

சாஃப்ட்வேருக்கு எவ்வளவு? ஆரம்பத்தில் பூஜ்யம். ஆப்பிள் பயனர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸில் வேவ்ஃபார்ம் ஃப்ரீ இருக்கு. ரீப்பர் 60 நாள் முழுசாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பிடித்தால் தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். இன்டர்ஃபேஸ் வாங்கும்போதே கூட வரும் சாஃப்ட்வேரையும் பாருங்க. பெட்டிக்குள் இருக்கிற ஒரு சீட்டில் அதன் கோடு இருக்கும், பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

கிராக் சாஃப்ட்வேர் பக்கம் போகாதீங்க. அதே லேப்டாப்பில்தான் நெட் பேங்கிங்கும் பண்றீங்க.

## டிஐ டிராக் ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் மாதிரி

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்குன்னா, இதைப் படிங்க.

பெடல் வழியாக ரெக்கார்ட் பண்ணினால் அந்த எஃபெக்ட் சத்தத்தோடு சேர்ந்து பதிந்துவிடும். டிஸ்டார்ஷன் அதிகமாப் போச்சுன்னு மறுநாள் தோணினா, பிரிச்சு எடுக்க முடியாது. மறுபடி வாசிக்கணும். ஐந்து வருஷ லாக்கின் இருக்கிற முதலீடு மாதிரி.

பெடல் இல்லாமல் நேரடியாக, சுத்தமாக ரெக்கார்ட் பண்ணிய டிஐ டிராக் அப்படி இல்லை. எப்ப வேணும்னாலும் எடுத்து எப்படி வேணும்னாலும் மாத்தலாம். இன்னைக்கு ப்ளக்இன்னில் கம்ப்ரஸர் போடலாம், நாளைக்கு எடுத்துடலாம். நியூரல் ஆம்ப் மாடலர் மாதிரி இலவச மென்பொருளில் விதவிதமான ஆம்ப் சத்தங்களைப் போட்டுப் பார்க்கலாம். ரெண்டு வருஷம் கழிச்சு நிஜமாவே ஒரு நல்ல பெடல் வாங்கினீங்கன்னா, பழைய டிராக்கை இன்டர்ஃபேஸிலிருந்து ரீஆம்ப் பாக்ஸ் வழியாக அந்தப் பெடலுக்குள் அனுப்பித் திரும்ப ரெக்கார்ட் பண்ணலாம்.

ஆக, வீட்டில் ரெக்கார்ட் பண்றவங்களுக்கு பெடல் அவசரம் கிடையாது. முடிவைத் தள்ளிப்போட உங்களுக்கு ஒரு பைசா செலவும் இல்லை. செலவில்லாமல் தள்ளிப்போடக் கூடிய எந்தச் செலவையும் கடன் வாங்கிச் செய்யக் கூடாது.

ஸ்டூடியோக்காரர்கள் பெடல் போட்டு வாசித்தாலும் கூடவே ஒரு டிஐ டிராக்கைத் தனியாக எடுத்து வைப்பதும் இதுக்காகத்தான்.

## மூன்றாம் கட்டம்: பெடல் எப்போ, எது?

மேடையில் வாசிக்கிறவங்களுக்குக் கணக்கு வேற. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வாசிக்கிறீங்க, ஆபீஸ் பேண்ட் இருக்கு, வார இறுதியில் கஃபேயில் வாசிக்கிறீங்கன்னா லேப்டாப்பைத் தூக்கிட்டு நிக்க முடியாது. பாட்டுக்கு நடுவில் காலால் மாத்தணும். அங்கே பெடல் உண்மையான தேவை. பொதுவா இந்த வரிசை வேலை செய்யும்:

ட்யூனர்: மேடையில் சத்தத்தை நிறுத்திவிட்டுச் சுருதி சேர்க்க. வீட்டில் மட்டும் வாசிக்கிறவங்களுக்கு மொபைல் ஆப் போதும்.

ப்ரீஆம்ப் டிஐ: ஆம்ப் இல்லாமலே நேராக மிக்ஸருக்குப் போக உதவும். போகிற இடத்தில் நல்ல பேஸ் ஆம்ப் இருக்கும்னு நம்ப முடியாத நம்ம ஊர் மேடைகளுக்கு, என் கணக்கில் முதல் பெரிய செலவு இதுதான்.

கம்ப்ரஸர்: பலமா தட்டின நோட்டையும் மெதுவா தட்டின நோட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வரும். ஆனா ஆரம்பத்திலேயே வாங்கினா விரலின் சீரற்ற பலத்தை அது மறைச்சுடும். மெட்ரோனோம் வெச்சு மூணு மாசம் வாசிச்சா விரலே பாதி கம்ப்ரஸர் ஆயிடும்.

ஓவர்டிரைவ்: கிட்டாருக்குச் செய்த ஓவர்டிரைவை பேஸில் போட்டால் அடிச்சத்தம் ஒல்லியாகிவிடும். அந்தப் பெடல்களில் பல, கீழ் அலைவரிசையைக் குறைத்து நடுப்பகுதியை முன்னே தள்ளும்படி அமைந்தவை. பேஸுக்கு வாங்கும்போது "பிளெண்ட்" என்ற குமிழ் இருக்கான்னு பாருங்க. சுத்தமான சத்தத்தையும் உடைந்த சத்தத்தையும் கலக்க அது தேவை.

ஓவர்டிரைவுக்கு இன்னொரு பயனும் உண்டு. பேஸின் ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். மொபைல் ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் கேட்கவே கேட்காது. லேசா ஓவர்டிரைவ் சேர்த்தால் அதன் மேல் அடுக்கு ஒலிகள் பலமாகும், மொபைலில் கேட்கிறவர் காதுக்கும் பேஸ் போய்ச் சேரும். உங்க ரீல்ஸில் பேஸே கேட்கலைன்னு நண்பர்கள் சொன்னா காரணம் இதுவா இருக்கலாம். இதையும் ப்ளக்இன்னில் இலவசமாகவே பண்ணலாம்.

கோரஸ், ஆக்டேவ், என்வலப் ஃபில்டர்: ரொம்ப ஜாலியான பெடல்கள். ஒரு வருஷத்தில் எத்தனை பாட்டில் பயன்படுத்துவீங்கன்னு எண்ணிப் பார்த்துட்டு வாங்குங்க.

இந்த எல்லாமே ஒரே பெட்டியில் வேணும்னா, பேஸுக்குன்னே செய்த மல்டி எஃபெக்ட் பெடல் ஒன்று, நல்ல தனிப் பெடல் ஒன்றின் விலைக்குள்ளேயே கிடைக்கும். எந்த எஃபெக்ட் உங்களுக்குப் பிடிக்குதுன்னு கண்டுபிடிக்க அது மலிவான வழி. ட்யூனரும் ஹெட்போன் ஓட்டையும் அதிலேயே இருக்கும். சிலவற்றை யூஎஸ்பி வழியாக இன்டர்ஃபேஸாகவும் பயன்படுத்தலாம், சிலவற்றில் அந்த யூஎஸ்பி அப்டேட்டுக்கு மட்டும்தான். வாங்கும் முன் மேனுவலில் இதைப் பாருங்க.

விலைச்சீட்டில் தெரியாத செலவு: பெடலோடு பவர் அடாப்டர் பெரும்பாலும் வராது. 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ் அடாப்டர்தான் வழக்கம். ஆனா ஒவ்வொரு பெடலையும் தனியாச் சரிபாருங்க, தப்பான அடாப்டர் போட்டால் பெடல் எரிந்துவிடும். சாதாரண அனலாக் பெடல் சில பத்து மில்லி ஆம்பியர் எடுக்கும், டிஜிட்டல் பெடல் 200, 300 வரைக்கும் கேட்கும். எல்லாத்தையும் கூட்டிப் பார்த்துத்தான் பவர் சப்ளை வாங்கணும். பேட்ச் கேபிள், போர்டு, பை எல்லாம் தனி. நாலு பெடல் வாங்குறவர் உண்மையில் ஐந்து பெடலின் காசைச் செலவு பண்றார்.

## "நோ காஸ்ட்" இஎம்ஐ-யின் காஸ்ட்

30,000 ரூபாய்க்கு ஒரு செட் எடுக்கிறீங்க, 6 மாதம், மாதம் 5,000. கூட்டினால் 30,000 தானே, வட்டி எங்கே?

உள்ளே நடப்பது இது. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டி அளவுக்கு விற்பனையாளர் முன்கூட்டியே தள்ளுபடி கொடுக்கிறார். வருஷத்துக்கு 15% வட்டி என்று வைத்தால், 5,000 வீதம் 6 தவணைக்கு உரிய அசல் சுமார் 28,730. மீதி 1,270 வட்டி. அந்த வட்டி மேல் 18% ஜிஎஸ்டி, சுமார் 229. இதை நீங்கதான் கட்டணும். பிராசஸிங் ஃபீஸ் 199 என்றால் அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து சுமார் 235. ஆக, "நோ காஸ்ட்" என்ற பெயரில் சுமார் 464 ரூபாய் போச்சு.

464 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனா முழுப் பணம் கொடுத்தால் கிடைக்கக் கூடிய தள்ளுபடி இஎம்ஐ-யில் கிடைக்காமல் போகலாம். கடையில் நேரா போய்க் கேட்டால் கேபிள், ஸ்ட்ராப் எல்லாம் சேர்த்துப் போட்டுத் தருவாங்க. அதைவிட முக்கியம், ஒரு மாசம் கார்டு பில்லை முழுசாகக் கட்ட முடியாமல் போனால் நிலுவைக்கு வட்டி மாதம் 3.5% அளவில் ஓடும். வருஷத்துக்கு 42%. எந்தப் பெடலும் அந்த விலைக்கு வொர்த் இல்லை.

வெளிநாட்டு சைட்டில் விலை குறைவா இருக்குன்னு ஆர்டர் போடுறவங்க, ஷிப்பிங், கஸ்டம்ஸ் டியூட்டி, ஐஜிஎஸ்டி மூணையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. ரிப்பேர் ஆனால் திருப்பி அனுப்பும் செலவும் உங்க தலையில்தான்.

## கடன் இல்லாத 12 மாதத் திட்டம்

கையில் வரும் சம்பளம் 35,000 என்று வைத்துக்கொள்வோம். வாடகை, வீட்டுக்கு அனுப்புவது, எஸ்ஐபி, எமர்ஜென்சி ஃபண்ட் எல்லாம் போக, ஆசைச் செலவிலிருந்து மாதம் 2,500 ரூபாயைத் தனி ஆர்டி-யில் போடுங்க. வருஷத்துக்கு 30,000. எமர்ஜென்சி ஃபண்ட் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னா முதலில் அதைத் தொடங்குங்க, பேஸ் எங்கேயும் ஓடிப் போகாது.

கீழே இருப்பவை கணக்கு புரிய வைக்கும் தோராய விலைகள். உங்க ஊர்க் கடை விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

- மாதம் 1–2 (சேர்ந்தது 5,000): கம்பி 2,200, செட்டப் 1,500, கேபிள் 1,000. மொத்தம் 4,700. மீதி 300.
- மாதம் 3–9 (சேர்ந்தது 17,500): இன்டர்ஃபேஸ் 12,000, வயர் ஹெட்போன் 5,000. மொத்தம் 17,000. பழைய மீதியோடு கையில் 800.
- மாதம் 10–12 (சேர்ந்தது 7,500): பழைய பெடல் ஒன்று 7,000, அடாப்டர் 1,000. மொத்தம் 8,000. மீதி 300.

ஆர்டி-யை ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா, அந்தக் கால அளவுக்குப் போடுங்க. நடுவில் உடைத்தால் வட்டி குறையும். ஆறு மாசத்துக்குக் குறைவான கட்டத்துக்குத் தனி சேவிங்ஸ் அக்கவுண்டே போதும்.

ஒன்பது மாதம் காத்திருப்பதா? கவலைப்படாதீங்க. அந்த ஒன்பது மாசமும் நீங்க வாசிச்சுட்டுத்தான் இருப்பீங்க. ரெக்கார்டிங் பெட்டி வரும்போது ரெக்கார்ட் பண்ண உங்ககிட்ட நாலு பாட்டு தயாரா இருக்கும்.

## பழசு வாங்குறது நல்ல டீல், ஜாக்கிரதையா இருந்தா

பெடலுக்கு உலோக உடம்பு, சீக்கிரம் கெடாது. அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்குவது லாபம். ஒரு பொருளின் உண்மையான செலவு, வாங்கின விலையிலிருந்து விற்கும் விலையைக் கழித்தால் வருவதுதான். 13,000-க்குப் புதுசா வாங்கி ஒரு வருஷத்தில் 8,000-க்கு வித்தால் செலவு 5,000, அதாவது மாதம் சுமார் 417. அதே பெடலைப் பழசா 8,000-க்கு வாங்கி 7,000-க்கு வித்தால் மாதம் சுமார் 83. ஒரு பிரியாணி விலைகூட வராது.

வாங்கும்போது:

- நேரில் போய், உங்க பேஸையும் கேபிளையும் எடுத்துட்டுப் போய், வாசிச்சுப் பாருங்க.
- எல்லாக் குமிழையும் முழுசாத் திருப்புங்க. கரகரன்னு சத்தம் வந்தால் விலையைக் குறைக்கக் கேளுங்க.
- ஜாக் ஆடுதான்னு பாருங்க. பேட்டரி பெட்டியைத் திறந்து கசிவு இருக்கான்னு பாருங்க.
- பில்லும் சீரியல் நம்பரும் கேளுங்க.
- பார்க்காத பொருளுக்கு அட்வான்ஸ் அனுப்பாதீங்க. நீங்க விற்கும்போது "பணம் அனுப்புறேன், க்யூஆர் ஸ்கேன் பண்ணி பின் போடுங்க"ன்னு யாராவது சொன்னா உடனே கட் பண்ணுங்க. பணம் வாங்க யூபிஐ பின் எப்போதும் தேவையில்லை.

## வாங்கும் முன் ஒரு மாதப் பரீட்சை

எந்தப் பெடல் மேல ஆசை வந்தாலும், அந்த எஃபெக்ட்டின் இலவச ப்ளக்இன் ஒன்றைத் தேடுங்க. ஒரு மாசம் அதை வெச்சு மூணு பாட்டு முழுசா ரெக்கார்ட் பண்ணுங்க. மாசக் கடைசியில் அந்த மூணையும் ப்ளக்இன்னை ஆஃப் பண்ணியும் ஆன் பண்ணியும் கேளுங்க.

மூணிலும் அது இல்லாம பாட்டு வெறுமையா இருந்தா, பெடலை நம்பி வாங்கலாம். ஒண்ணில் மட்டும் நல்லா இருந்தா ப்ளக்இன்னே போதும். மூணு பாட்டும் முடியவே இல்லைன்னா, இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது நேரம். அது எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு பெடலின் காசை நல்ல டீச்சரிடம் மூணு மாச கிளாஸுக்குப் போடுவது அதைவிட நல்ல முதலீடு.

இசையில் சின்ன வருமானம் வர ஆரம்பிச்சதுன்னா அதைத் தனி அக்கவுண்டில் வாங்குங்க, வாங்கின பொருள்களின் பில்களைப் பத்திரப்படுத்துங்க, ஐடிஆரில் காட்டுங்க. எதைச் செலவாகக் கழிக்கலாம்னு ஆடிட்டரிடம் கேட்டுக்கோங்க.

இந்த வாரக் கடைசியில் ஒரு வேலை பண்ணுங்க. ஆப்பில் கார்ட்டில் போட்டு வெச்சிருக்கிற பொருள்களை ஒரு பேப்பரில் எழுதி, ஒவ்வொன்றும் சத்தத்தின் பாதையில் எங்கே வருதுன்னு பக்கத்தில் குறிச்சுக்கோங்க. பாதையில் முன்னாடி இருக்கிறதை முதல்ல வாங்குங்க. மத்தது கார்ட்டிலேயே இருக்கட்டும், அதுக்கு வட்டி கிடையாது!

12 மாதக் கணக்கைத் திரையில் போட்டு விளக்கும் வீடியோ நம்ம சேனலில் இருக்கு. பேஸ் வாங்கப் போற நண்பர் யாராவது இருந்தா, அவர் இஎம்ஐ பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி இதை அனுப்பிடுங்க. அடுத்த கட்டுரையில் சந்திப்போம்!